பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் அந்தக் காலத்துக்கு முற்போக்கா? பக்கத்து நாட்டு சட்டத்தோட வச்சு ஒரு எளிய விளக்கம்

இந்த விவாதத்தை நீங்க எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. ஒருத்தர் வந்து "3000 வருஷத்துக்கு முன்னாடியே ஏழைக்கும் விதவைக்கும் அந்நியனுக்கும் உரிமை குடுத்த நூல்"னு சொல்லுவார், உடனே இன்னொருத்தர் "அடிமைய வச்சுக்கலாம்னு சொல்ற நூல், கல்லெறிஞ்சு கொல்லச் சொல்ற நூல், இதுல என்ன முற்போக்கு"ன்னு கேப்பார். ரெண்டு பேரும் வசனம் காட்டுவாங்க. வேடிக்கை என்னன்னா ரெண்டு பேர் காட்டுற வசனமும் உண்மையிலயே அங்க இருக்கு, யாரும் பொய் சொல்லல. அப்புறம் எப்படி முடிவு பண்றது?

முதல்ல ஒரு விஷயம். "காலத்தை மிஞ்சின நூல்"னு சொல்லணும்னா அந்தக் காலம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். இன்னைக்கு இருக்கற நமக்குப் பிடிச்சிருக்கா இல்லையாங்கிறது வேற கேள்வி, அந்தக் காலத்துல பக்கத்து வீட்டுக்காரன் என்ன பண்ணிட்டு இருந்தான்ங்கிறது வேற கேள்வி. நூல்ல என்ன எழுதியிருக்கு, ஜனங்க நெஜமா என்ன பண்ணினாங்கங்கிறது மூணாவது. நெட்ல நடக்கற சண்டைல முக்காவாசி இந்த மூணையும் போட்டு குழப்பறதால வர்றதுதான்.

நூல் எதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். நம்ம ஊர்ல பழைய ஏற்பாடுன்னு சொல்றதை யூதர்கள் தனாக்னு சொல்வாங்க. அதோட முதல் 5 புத்தகம், ஆதியாகமத்துல இருந்து உபாகமம் வரைக்கும், அதுதான் தோரா, சட்டமெல்லாம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. மரபுப்படி மோசே எழுதினது. ஆராய்ச்சியாளர்கள்ல பெரும்பாலானவங்க இப்ப சொல்றது, இது ஒரே ஆள் ஒரே நேரத்துல எழுதினது இல்ல, கிட்டத்தட்ட கி.மு. 8-ம் நூற்றாண்டுல இருந்து 5-ம் நூற்றாண்டு வரைக்கும் பல கை பட்டு சேர்ந்ததுன்னு. இது ஏன் முக்கியம்னா, எல்லாரும் ஒப்பிடற, பாபிலோன் ராஜா ஹம்முராபியோட சட்டம் கி.மு. 1750 வாக்குல வந்தது. அதாவது தோரா எழுத்துல வர்றதுக்கு கிட்டத்தட்ட 1000 வருஷம் முன்னாடி. அதனால "ஹம்முராபிய விட நல்லா இருக்கு, அதனால காலத்தை மிஞ்சினது"ன்னு சொன்னா கணக்கு கொஞ்சம் இடிக்கும், 1000 வருஷம் கழிச்சு வந்தது நல்லா இருக்கறதுல என்ன அதிசயம்னு ஒருத்தன் கேட்டா பதில் சொல்லணும். இருந்தாலும் ஒப்பிடறதுக்கு காரணம் இருக்கு, ஏன்னா அந்த மெசபடோமிய (இன்னைக்கு ஈராக் இருக்கற பகுதி) சட்ட மரபு நூற்றாண்டு கணக்கா பள்ளிக்கூடத்துல காப்பி எழுதி எழுதி உயிரோட இருந்துச்சு, அசீரியா பாபிலோன் எல்லாம் அதுல ஊறினவங்கதான்.

ஹம்முராபியோட கல்லு கெடைச்சதே 1901-02ல தான். ஈரான்ல சூசாங்கிற இடத்துல பிரெஞ்சுக்காரங்க தோண்டும்போது கெடைச்சது, 2 மீட்டருக்கு மேல உயரம், இப்ப பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல நிக்குது. அதுக்கப்புறம் மத்த சட்டங்களும் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, ஹம்முராபிய விட பழசான எஷ்னுன்னா நகரத்து சட்டம், அதுக்கும் முன்னாடி கி.மு. 2100 வாக்குல ஊர்-நம்முங்கிற ராஜாவோட சட்டம், அப்புறம் ஹம்முராபிக்குப் பிந்தின ஹிட்டைட் சட்டம், மத்திய அசீரிய சட்டம். அதுக்கு முன்னாடி வாழ்ந்த எவருக்குமே, எவ்ளோ பெரிய மேதையா இருந்தாலும், தோராவை பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்க அந்த வட்டாரத்து பழைய சட்டத் தொகுப்பு எதுவும் முழுசா கையில இல்ல. ஆகாசத்துல இருந்து திடீர்னு வந்த மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

இப்ப பக்கத்துல வச்சா முதல்ல கண்ணுல படறது ஒற்றுமைதான். யாத்திராகமம் 21-ல ஒரு சட்டம், ஒருத்தன் மாடு இன்னொருத்தன் மாட்டை முட்டிக் கொன்னா, உயிரோட இருக்கற மாட்டை வித்து பணத்தை பாதி பாதியா பிரிச்சுக்கணும், செத்த மாட்டையும் பிரிச்சுக்கணும். எஷ்னுன்னா சட்டத்துலயும் அதே மாடு, அதே தீர்ப்பு, பல நூற்றாண்டு முன்னாடி. நம்ம ஊர்ல பத்திரம் எழுதறவர் பழைய பத்திரத்தை பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதற மாதிரி, அந்த வட்டாரம் முழுக்க ஒரு பொது மாதிரி இருந்திருக்கு, எல்லாரும் அதுல இருந்து எடுத்து தங்களுக்கு வேண்டியதை மாத்திக்கிட்டாங்க. விதவை அனாதைய காப்பாத்தணும்ங்கிறதும் அப்படித்தான், ஊர்-நம்முவும் ஹம்முராபியும் அதை பெருமையா சொல்லியிருக்காங்க. எகிப்துல அமெனெமோப்பேங்கிறவரோட அறிவுரை நூல் ஒண்ணு இருக்கு, குருடனைப் பாத்து சிரிக்காதே, விதவையோட நில எல்லைய நகர்த்தாதேன்னு அதுல வரும், நீதிமொழிகள் 22, 23 அதிகாரங்கள் அந்த நூலோட ரொம்பவே ஒட்டிப் போகுது. அதனால "ஏழைக்கு இரங்குன்னு முதல்ல சொன்னது இதுதான்"ங்கிறது நிக்காது.

அப்ப வித்தியாசம் எங்க? எங்க மாத்தியிருக்காங்கன்னு பாக்கணும்.

கண்ணுக்குக் கண் பல்லுக்குப் பல் எடுத்துக்கலாம், இதுல தான் நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. இது காட்டுமிராண்டித்தனம்னு ஒரு கட்சி, "இல்ல இல்ல, ஒரு கண்ணுக்கு மேல எடுக்காதேன்னு கட்டுப்படுத்தின சட்டம், அதனால முன்னேற்றம்"னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சி சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா ஊர்-நம்மு சட்டம் கெடைச்சதுக்கப்புறம் அந்தக் கதை அவ்ளோ நேரா போகல. ஏன்னா தோராவுக்கு 1000 வருஷத்துக்கு மேல முன்னாடியே அங்க எலும்பை உடைச்சா இவ்ளோ வெள்ளி, மூக்கை அறுத்தா இவ்ளோ வெள்ளின்னு அபராதம்தான் போட்டிருக்காங்க. கண்ணுக்குக் கண் அதுக்கப்புறம் ஹம்முராபில வருது. காலம் போகப் போக சட்டம் மென்மையாகும்னு நாம நினைச்சுக்கற கோடு அங்கயே வளைஞ்சிடுது.

ஆனா ஹம்முராபி சட்டத்தை முழுசா படிச்சா வேற ஒண்ணு தெரியும். மேல்தட்டு ஆள் இன்னொரு மேல்தட்டு ஆளோட கண்ணைக் குத்தினா கண்ணு போகும். அதே ஆள் சாதாரண ஆளோட கண்ணைக் குத்தினா? 1 மினா வெள்ளி குடுத்தா போதும், அரை கிலோ வெள்ளின்னு வச்சுக்கங்க. அடிமையோட கண்ணுன்னா அடிமை விலைல பாதி, அதுவும் முதலாளிக்குப் போகும். தோராவுல சுதந்திரமான ஆட்களுக்குள்ள இந்த ரேட் கார்டு கெடையாது. பணக்காரன் கண்ணும் கூலிக்காரன் கண்ணும் ஒண்ணுதான். லேவியராகமம் 24-ல இதே கண் பல் சட்டத்தைச் சொல்லிட்டு, உள்ளூர்க்காரனுக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம்னு கையோட சேத்து சொல்லுது. கொலைக்கு பணம் வாங்கிட்டு விடாதேன்னு எண்ணாகமம் 35 சொல்லுது, அதாவது காசு இருக்கறவன் கொன்னுட்டு கணக்கு தீத்துட்டுப் போக முடியாது. இது கருணை இல்ல பாருங்க, இன்னும் கடுமை. ஆனா ஆளுக்கு ஆள் விலை வைக்கற பழக்கத்தை உடைக்குது.

அடுத்தது ஆள் மாத்தி தண்டனை. ஹம்முராபில ஒரு கொத்தனார் கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரரோட மகன் செத்தா, கொத்தனாரோட மகனைக் கொல்லணும். ஒருத்தன் அடிச்சு இன்னொருத்தரோட கர்ப்பிணி மக செத்துட்டா, அடிச்சவனோட மகளைக் கொல்லணும். அந்தப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுன்னு யாரும் கேக்கல, ஏன்னா புள்ளைங்க அப்பனோட சொத்து, சொத்துக்கு சொத்து. உபாகமம் 24:16 நேரா சொல்லுது, புள்ளைக்காக அப்பனையும் அப்பனுக்காக புள்ளையையும் கொல்லக்கூடாது, அவனவன் பாவத்துக்கு அவனவன்தான். இன்னொண்ணு, ஹம்முராபில திருடி அபராதம் கட்ட முடியலன்னா சாவு, சுவத்துல ஓட்டை போட்டு திருட வந்தா அந்த ஓட்டைக்கு முன்னாடியே கொன்னு தொங்கவிடணும். தோராவுல திருட்டுக்கு மரண தண்டனை இல்ல, மாட்டுக்கு 5 மாடு, ஆட்டுக்கு 4 ஆடு, கட்ட முடியலன்னா அவனையே வித்துடுவாங்க. ராத்திரி வந்த திருடனை அடிச்சதுல செத்தா பழி இல்ல, ஆனா விடிஞ்சப்புறம் கொன்னா அது கொலைதான்னு யாத்திராகமம் 22. பொருள் ஒரு தட்டு, உயிர் வேற தட்டு. எனக்குத் தெரிஞ்சு "முற்போக்கு"ன்னு வாதாட விரும்பறவங்களுக்கு இதை விட நல்ல ஆதாரம் இல்ல, ஆனா அவங்க இதை விட்டுட்டு சாப்பாட்டு விதில விஞ்ஞானம் இருக்குன்னு கிளம்பிடறாங்க, என்ன பண்றது.

அடிமை விஷயம். இதுல நல்லதும் கெட்டதும் ஒரே பக்கத்துல இருக்கு, எது ஒண்ணை மட்டும் காட்டினாலும் ஏமாத்து வேலைதான்.

நல்ல பக்கம்: அடிமையோட கண்ணையோ பல்லையோ முதலாளி உடைச்சா அவனை விடுதலை பண்ணிடணும். ஓய்வு நாள் அடிமைக்கும் உண்டு. எல்லாத்துக்கும் மேல உபாகமம் 23:15, தப்பி ஓடி வந்த அடிமைய முதலாளிகிட்ட திருப்பி ஒப்படைக்காதே, அவன் விரும்பற ஊர்ல உன்னோட இருக்கட்டும். இதை லேசா எடுத்துக்காதீங்க. ஹம்முராபில ஓடி வந்த அடிமைய வீட்டுல ஒளிச்சு வச்சா வச்சவனுக்கே மரண தண்டனை. நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போடும்போது கூட ஓடினவங்களை திருப்பி அனுப்பறேன்னு எழுதிக் குடுப்பாங்க. அந்த உலகத்துல நின்னுக்கிட்டு இப்படி ஒரு வரி எழுதறது சாதாரணம் இல்ல. அமெரிக்காவுல 1850-ல தப்பி ஓடின அடிமைகளை திருப்பி அனுப்பணும்னு சட்டம் வந்தப்ப அதை எதிர்த்தவங்க கையில எடுத்த வசனம் இதுதான்.

கெட்ட பக்கம்: அதே அமெரிக்காவுல அடிமை வச்சிருந்தவங்களும் வசனம் வச்சிருந்தாங்க. லேவியராகமம் 25:44-46, சுத்தி இருக்கற வேற இனத்தார்கிட்ட இருந்து அடிமைகளை வாங்கிக்கலாம், புள்ளைங்களுக்கு சொத்தா எழுதி வைக்கலாம், என்னைக்கும் அடிமைதான். யாத்திராகமம் 21:20-21 இன்னும் கஷ்டம், அடிமைய தடியால அடிச்சு அங்கயே செத்தா தண்டனை உண்டு, ஒண்ணு ரெண்டு நாள் உயிரோட இருந்து செத்தா தண்டனை இல்ல, ஏன்னா அவன் இவனோட பணம். "அது அடிமை இல்ல, வேலைக்காரன் மாதிரிதான்"னு சிலர் சமாளிப்பாங்க. கடனுக்கு அடிமையான எபிரேயனுக்கு, அதாவது சொந்த இனத்தானுக்கு, 6 வருஷம், 7-வது வருஷம் விடுதலை, அதை வேணா அப்படி சொல்லிக்கலாம், வெளிநாட்டு அடிமைக்கு அந்த சமாளிப்பு செல்லாது. சொல்லப்போனா அந்த 6 வருஷம் கூட ஹம்முராபிய விட ஜாஸ்தி, அங்க கடனுக்காக வித்த பொண்டாட்டி புள்ளைங்க 3 வருஷம் வேலை பாத்தா போதும், 4-வது வருஷம் விட்டுடணும்! பக்கத்து வீட்டோட ஒப்பிட்டா எப்பவும் தோரா தான் ஜெயிக்கும்னு நினைக்கறவங்க இங்க ஒரு நிமிஷம் நிக்கணும்.

கடன் பத்தி வந்துட்டதால, பாபிலோன் ராஜாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பட்டத்துக்கு வந்ததும் இல்லன்னா நாட்டுல நெருக்கடி ஜாஸ்தியானதும் கடனெல்லாம் தள்ளுபடின்னு ஒரு ஆணை போடுவாங்க, ஹம்முராபி வம்சத்துல வந்த அம்மிசதூக்கா போட்ட ஆணை நமக்கு கெடைச்சிருக்கு. தேர்தல் நேரத்து தள்ளுபடி மாதிரியா இல்லையான்னு நீங்களே யோசிச்சுக்கங்க. தோரா இதே யோசனைய எடுத்து ராஜா கையில இருந்து புடுங்கி காலண்டர்ல வச்சிடுது. 7 வருஷத்துக்கு ஒருக்கா கடன் ரத்து, 50 வருஷத்துக்கு ஒருக்கா வித்த நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பணும். ராஜாவுக்கு மனசு வரணும்னு காத்திருக்க வேண்டாம். இது பெரிய மாற்றம்தான், ஆனா நடந்துச்சான்னு கேட்டா அதுதான் தகராறு. 50 வருஷ யூபிலி நெஜமா கடைப்பிடிச்சதுக்கு ஆதாரம் கெடைக்கல. அடிமை விடுதலை பத்தி எரேமியா 34-ல ஒரு சம்பவம் வருது, பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கறப்ப சிதேக்கியா ராஜா எல்லா எபிரேய அடிமைகளையும் விடுதலை பண்ண ஒப்பந்தம் போடறார், விட்டுடறாங்க, அப்புறம் முற்றுகை கொஞ்சம் தளர்ந்ததும் விட்டவங்களையே திரும்பப் புடிச்சு அடிமையாக்கிடறாங்க. தீர்க்கதரிசி எரேமியா கத்து கத்துன்னு கத்தறார். கடன் ரத்து நெருங்கினா பணக்காரன் கடனே குடுக்க மாட்டான்னு உபாகமம் 15-லயே எச்சரிக்கை இருக்கு, கடைசில அதுதான் நடந்துச்சு, கி.மு. 1-ம் நூற்றாண்டு வாக்குல ஹில்லேல்ங்கிற குரு கடன் பத்திரத்தை நீதிமன்றத்துகிட்ட ஒப்படைச்சு ரத்துல இருந்து தப்பிக்க ஒரு சட்ட வழி பண்ணிக் குடுத்தார். ஏழைக்கு கடன் கெடைக்கணும்ங்கறதுக்காகவே ஏழைக்கான சட்டத்துல ஓட்டை போட வேண்டியிருந்துச்சு.

எழுத்துல இருக்கறதுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தைப் பத்தி பேசும்போது ஒரு ஓட்டுத் துண்டு பத்தி சொல்லியே ஆகணும். 1960-ல இஸ்ரேல் கடற்கரை ஓரமா யாவ்னே பக்கத்துல ஒரு சின்ன பழைய கோட்டைல கெடைச்சது, கி.மு. 7-ம் நூற்றாண்டு, பானை ஓட்டுல மையால எழுதின மனு. அறுவடை கூலிக்காரன் ஒருத்தன் அதிகாரிக்கு எழுதிக் குடுத்தது. நான் என் வேலைய முடிச்சுட்டேன், ஓசாயாங்கிறவன் என் துணிய எடுத்துட்டுப் போயிட்டான், கூட வேலை பாத்தவங்க எனக்கு சாட்சி சொல்லுவாங்க, என் துணிய வாங்கிக் குடுங்கன்னு. அடகு வாங்கின மேல்துணிய சூரியன் சாயறதுக்குள்ள திருப்பிக் குடு, ராத்திரி போத்திக்க அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்குன்னு யாத்திராகமம் 22-ல வர்ற வரிய படிச்சுட்டு இதைப் படிங்க. அந்த ஆள் எந்த சட்டத்தையும் மேற்கோள் காட்டல, அதிகாரியோட இரக்கத்தைத்தான் கேக்கறான். ஆனா சட்டம் யாரை மனசுல வச்சு எழுதப்பட்டதுன்னு தெரியுது.

கூலிய அன்னைக்கே குடு, வயல் ஓரத்தை அறுக்காம ஏழைக்கும் அந்நியனுக்கும் விடு, இதெல்லாம் லேவியராகமம் 19-ல இருக்கு. அதே அதிகாரத்துல அந்நியனையும் உன்னைப் போல நேசின்னு வருது, காரணம் என்னன்னா நீங்க எகிப்துல அந்நியரா இருந்தீங்க. அந்நியன் பத்தின எச்சரிக்கை தோராவுல 36 தடவை, சிலர் கணக்குப்படி 46 தடவை வருதுன்னு தல்முத் (யூத குருமார்களோட விவாதத் தொகுப்பு) எண்ணி வச்சிருக்கு. விதவை அனாதை எல்லாரும் பேசினாங்க, அந்நியனை இந்த அளவுக்கு பிடிச்சு வச்சுக்கிட்டு பேசினது மத்த சட்டங்கள்ல இல்ல. வாராவாரம் ஒரு நாள் ஓய்வு, அதுவும் முதலாளிக்கு மட்டும் இல்லாம அடிமை, மாடு, கழுதை வரைக்கும், இதுக்கும் சரியான இணை பக்கத்து நாடுகள்ல கெடைக்கல. பல நூற்றாண்டு கழிச்சு கூட ரோமானியர்களுக்கு இது புரியல, தத்துவவாதி செனெக்கா இவங்க வாழ்க்கைல 7-ல ஒரு பங்கை சும்மா வீணாக்கறாங்கன்னு எரிச்சல் பட்டார். ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் யூதர்களை திட்டி எழுதின லிஸ்ட்ல ஒண்ணு, பொறந்த குழந்தை எதையும் கொல்றது இவங்களுக்குக் குற்றமாம்னு. வேண்டாத குழந்தைய வெளிய போட்டுடறது கிரேக்க ரோமானிய உலகத்துல சாதாரணமா நடந்தது, அதனால அவருக்கு இது விசித்திரமா பட்டிருக்கு. எதிரி எரிச்சலோட சொல்ற சாட்சி, பக்தர் சொல்றதை விட எனக்கு நம்பகமா தெரியுது.

ராஜா விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். ஹம்முராபி கல்லுல மேல ஒரு சிற்பம் இருக்கு, ஷமாஷ் தெய்வம் உக்காந்திருக்கு, ராஜா முன்னாடி நிக்கறார், சட்டம் குடுக்கறவர் ராஜாதான். உபாகமம் 17-ல ராஜா சட்டத்தைக் குடுக்கறவரே இல்ல, ஒரு பிரதிய எழுதி வச்சுக்கிட்டு தினமும் படிக்கணும், குதிரையும் பொண்டாட்டியும் வெள்ளியும் அளவுக்கு மேல சேர்க்கக் கூடாது. தாவீது உரியாவைக் கொன்னு அவர் மனைவிய எடுத்துக்கிட்டப்ப தீர்க்கதரிசி நாத்தான் நேர்ல வந்து "அந்த மனுஷன் நீர்தான்"ங்கிறார், ஆகாப் ராஜா நாபோத்தோட திராட்சைத் தோட்டத்தை புடுங்கினப்ப தீர்க்கதரிசி எலியா வந்து நிக்கறார். மத்த நாட்டு ராஜாக்கள் கல்லுல வெட்டி வச்சது எல்லாம் சுயபுராணம், இங்க ராஜாவோட அசிங்கத்தை ராஜ்யத்தோட நூலே எழுதி வச்சிருக்கு.

சரி, இருட்டுப் பக்கம். போர்ல இந்த நூல் காலத்தை மிஞ்சல, காலத்தோட அப்படியே ஒட்டி இருக்கு. உபாகமம் 20-ல கானான் பட்டணங்கள்ல மூச்சு விடற எதையும் உயிரோட வைக்காதே, 1 சாமுவேல் 15-ல அமலேக்கியர்ல ஆம்பள பொம்பள கைக்குழந்தை எல்லாத்தையும் கொல்லு. 1868-ல ஜோர்டான்ல திபான்ங்கிற இடத்துல மோவாப் ராஜா மேசாவோட கல்வெட்டு கெடைச்சது, கி.மு. 840 வாக்கு. அதுல அவர் நேபோ ஊரைப் புடிச்சு அங்க இருந்த இஸ்ரவேலர் 7000 பேரையும் கொன்னு தெய்வத்துக்கு அர்ப்பணிச்சதா பெருமையா சொல்றார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, சாமி பேரு மட்டும் வேற. இந்தப் படையெடுப்பு எழுதினபடி நடந்துச்சாங்கிறதுல வரலாற்று ஆய்வாளர்களுக்கு பெரிய சந்தேகம் உண்டு, ஆனா நடக்கலன்னாலும் நடந்ததா எழுதி பெருமைப்பட்டது பட்டதுதான்.

பெண்கள் விஷயத்துலயும் பெருமையா சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல. உபாகமம் 22-ல நிச்சயம் ஆகாத பொண்ணை ஒருத்தன் பலவந்தப்படுத்தினா அவ அப்பனுக்கு 50 வெள்ளிக்காசு குடுத்து அவளையே கட்டிக்கணும், தள்ளி வைக்க முடியாது. மத்திய அசீரிய சட்டம் இதே குற்றத்துக்கு அவனோட பொண்டாட்டிய புடிச்சு பலவந்தத்துக்கு ஒப்படைக்கச் சொல்லுது, அதோட ஒப்பிட்டா தேவலாம்னு சொல்றது ஒரு பாராட்டா என்ன? செலொப்பியாத்தோட 5 பொண்ணுங்க மோசேகிட்ட நேரா போய் எங்க அப்பனுக்கு மகன் இல்ல, சொத்தை எங்களுக்குக் குடுன்னு கேட்டு வாங்கினது அழகான கதை, எண்ணாகமம் 27. ஆனா மகன் இல்லாத வீட்டுல மகளே வாரிசுன்னு மெசபடோமியாவுல லகாஷ் நகரத்தை ஆண்ட குதேயா கி.மு. 2100 வாக்குலயே எழுதி வச்சுட்டார், எகிப்துல பொம்பளைங்க சொந்தமா நிலம் வச்சு வித்து வாங்கினாங்க. இதுல தோரா பின்னாடிதான்.

இன்னொரு இடத்துல பக்கத்து நாட்டை விட மோசம்னே சொல்லணும், மத விஷயத்துல. வேற சாமிய கும்பிடலாம்னு உன் அண்ணன் தம்பியோ மகனோ மனைவியோ ரகசியமா கூப்பிட்டா கூட இரக்கப்படாதே, முதல் கல்லை நீ எறின்னு உபாகமம் 13. சுத்தி இருந்தவங்களுக்கு பல சாமி, ஒருத்தன் கூட ஒரு சாமிய சேத்துக்கிட்டா அதுக்காக கொல்ல மாட்டாங்க. இந்த அதிகாரத்தோட நடை அசீரிய ராஜா எசர்ஹத்தோன் கி.மு. 672-ல சிற்றரசர்கள்கிட்ட வாங்கின விசுவாச உறுதிமொழிய ரொம்ப ஒத்திருக்கு, உன் அண்ணன் தம்பி மகன் யார் ராஜாவுக்கு எதிரா பேசினாலும் மறைக்காதேன்னு. பேரரசனுக்கு குடுக்க வேண்டிய விசுவாசத்தை கடவுள்கிட்ட மாத்தி வச்சாங்க, அசீரியாவுக்கு அடிமையா இருந்த ஒரு குட்டி நாட்டுக்கு அது ஒரு கலகம்தான், அதே நேரத்துல அந்த ராஜதுரோக தண்டனையும் கூடவே உள்ள வந்துடுச்சு.

இப்ப நான் உண்மையிலயே முக்கியம்னு நினைக்கற இடத்துக்கு வர்றேன். இந்த நூல் ஒரே குரல்ல பேசறதில்ல. பத்துக் கட்டளைலயே அப்பன் பாவத்தை மூணாம் நாலாம் தலைமுறை வரைக்கும் புள்ளைங்க கிட்ட விசாரிப்பேன்னு வருது. யோசுவா 7-ல ஆகான் திருடினதுக்கு அவன் புள்ளைங்களும் சாகறாங்க. 2 சாமுவேல் 21-ல சவுல் பண்ணின தப்புக்கு அவர் வம்சத்துல 7 பேரைத் தூக்குல போடறாங்க. அப்புறம் எசேக்கியேல் 18 வந்து, அப்பன் புளிப்பு திராட்சை தின்னா புள்ளைக்கு பல் கூசும்னு இனிமே நீங்க சொல்லவே கூடாது, பாவம் பண்ணினவன்தான் சாவான், மகன் அப்பனோட அக்கிரமத்தை சுமக்க மாட்டான்னு முழு அதிகாரமும் வாதாடறார். அதாவது பழைய வசனத்தை எடுத்து வச்சுக்கிட்டு நேருக்கு நேர் சண்டை போடறார், அந்தச் சண்டையையும் சேத்து அதே நூல்ல கட்டி வச்சுட்டாங்க, தோத்த கட்சியோட பேச்சை கிழிச்சுப் போடல. அதனாலதான் ரெண்டு கட்சிக்கும் வசனம் கெடைக்குது.

இந்தப் பழக்கம் அப்புறமும் நிக்கல. கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கிற யூத குருமார்களோட சட்டத் தொகுப்புல கண்ணுக்குக் கண்ணுங்கிறதை பணமா மாத்திட்டாங்க, சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலை போன நஷ்டம், அவமானம்னு 5 வகை இழப்பீடு. பேச்சு கேக்காத முரட்டு மகனை ஊரார் கல்லெறிஞ்சு கொல்லணும்னு உபாகமம் 21-ல ஒரு சட்டம், அதுக்கு இத்தனை நிபந்தனை அத்தனை நிபந்தனைன்னு அடுக்கி, கடைசில தல்முத்துல இப்படி ஒரு மகன் இருந்ததும் இல்ல, இருக்கப் போறதும் இல்லன்னுட்டாங்க. அங்கயும் ஒருத்தர், யோனத்தான்ங்கிற குரு, இல்லையே நானே அப்படி ஒருத்தனைப் பாத்திருக்கேன், அவன் கல்லறை மேல உக்காந்திருக்கேன்ங்கிறார், அதையும் எழுதி வச்சிருக்காங்க. 12-ம் நூற்றாண்டுல மைமோனிடஸ்ங்கிற யூத அறிஞர் இன்னும் ஒரு படி போய், பலியெல்லாம் கடவுளுக்கு வேணும்னு இல்ல, அதுலயே ஊறின ஜனங்களை ஒரே நாள்ல மாத்த முடியாதுன்னு விட்டு வச்சதுன்னு சொன்னார். இன்னைக்கு "அடிமைத்தனத்தையும் படிப்படியா ஒழிக்கத்தான் விட்டு வச்சார்"னு சொல்றவங்க இந்த யோசனையதான் நீட்டறாங்க, எனக்கு அது முழுசா ஒட்டல, ஏன்னா கொலை செய்யாதேன்னு ஒரே வரில சொல்ல முடிஞ்சப்ப இதுக்கு மட்டும் ஏன் படிப்படி? ஆனா யோசனை நெட்ல பொறந்தது இல்ல, பழசு.

மரண தண்டனை பத்தி மிஷ்னாவுல மக்கோத் பகுதில ஒரு பேச்சு வருது. 7 வருஷத்துல ஒரு ஆளைக் கொல்ற நீதிமன்றம் நாசகார நீதிமன்றம்னு ஆரம்பிக்குது. எலெயாசர் பென் அசரியாங்கிற குரு 70 வருஷத்துக்கு ஒருத்தர்னாலே அப்படித்தான்ங்கிறார். தார்போன், அகிவாங்கிற ரெண்டு குருமார்களும், நாங்க மட்டும் அந்த நீதிமன்றத்துல உக்காந்திருந்தா ஒருத்தரையும் கொல்ல விட்டிருக்க மாட்டோம்ங்கிறாங்க. உடனே சிமியோன் பென் கமாலியேல் திருப்பிக் கேக்கறார், அப்படி பண்ணியிருந்தா நீங்களே இஸ்ரவேல்ல கொலைகாரங்களை பெருக்கியிருப்பீங்கன்னு. அவர் சொன்னதுக்கு பதில் எதுவும் எழுதாம அந்தப் பத்தி அங்கயே முடிஞ்சிடுது.